மடியில் ஸ்ரீரங்கம்

நான் இருப்பது தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில். என் மடியில் இருக்கும் லேப்டாப் மட்டும் ஸ்ரீரங்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது!

நாற்பது வருஷ வீட்டை விட்டு அம்மாவோடு இங்கே வந்து ஒரு மாசம். 'பக்கத்தில் மெடிக்கல் ஷாப்' என்று தட்டினால், சுமார் 300 கி.மீ. தள்ளி உத்திர வீதியைக் காட்டுகிறது. ரீஸ்டார்ட் செய்தேன். லொக்கேஷனை அணைத்து மறுபடி போட்டேன். ம்ஹூம்!

ஆபீஸ் நண்பர் சிரித்தார். "போன்ல ஜி.பி.எஸ். இருக்கு சார். லேப்டாப்ல அநேகமா இருக்காது. சுத்தியிருக்கிற வைஃபை பெட்டிகளை வெச்சுத்தான் ஊரைக் கண்டுபிடிக்கும். நீங்க ரூட்டர், எக்ஸ்டெண்டர் ரெண்டையும் அங்கேருந்து தூக்கிட்டு வந்துட்டீங்க. அது பாவம், என்ன பண்ணும்?"

வாஸ்தவம். எங்கள் வீட்டைச் சுற்றி இன்னும் காலி மனைகள்தான். வேறு வைஃபையே கிடையாது. ஜி.பி.எஸ். போட்ட போன்கள் பக்கத்தில் நடமாடினால், நாளடைவில் கணக்கு திருந்துமாம். தினமும் போனும் கையுமாக வீட்டைப் பிரதட்சணம் வருகிறேன்.

"எதுக்குடா சுத்தறே?" என்றாள் அம்மா. விளக்கினேன்.

"அக்கம்பக்கம் இல்லாம அதுக்கு மட்டும் எப்படி ஊர் புரியும்? மெதுவா மாறட்டும், விடு" என்றவள், ஸ்க்ரீனில் இருந்த உத்திர வீதியை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள்.