எக்ஸை அமுக்கினா கணக்கு முடியாது

பி.காம். மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு சர்வர் பத்தி எழுத என்ன தகுதின்னு கேக்கறவங்களுக்கு: பட்டு வந்த தகுதிதான் :-)

காலேஜ் முடிஞ்சதும் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பகுதிநேர வேலை பாக்கறேன். அங்க மேசைக்கு மேசை இருக்கறது பேருக்குத்தான் கம்ப்யூட்டர். டேலி, எக்செல் எல்லாம் ஒரே சர்வர்ல ஓடுது, நாம பாக்கறது அதோட திரையை மட்டும். இதுதான் டெர்மினல் சர்வர். 1998-ல விண்டோஸ் என்.டி. 4.0-வோட தனிப் பதிப்பா வந்துச்சு. 2009-ல 'ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்'னு பேர் மாத்திட்டாங்க. எங்க ஆபீஸ்ல இன்னும் பழைய பேர்தான்.

உள்ள நுழைஞ்சதும் ஒரு கறுப்பு ஜன்னல் எட்டிப் பாத்துட்டுப் போகும். அதுதான் லாகான் ஸ்கிரிப்ட். பார்ட்டிகளோட ஃபைல் இருக்கற ஃபோல்டரை 'நெட் யூஸ்' கட்டளையால இசட் டிரைவா மாட்டும். நாம உக்காந்திருக்கற மாடியோட பிரின்டரை எடுத்து வைக்கும். ஸ்கிரிப்ட் ஓடறது சர்வர்ல. அதனால 'கம்ப்யூட்டர்நேம்'னு கேட்டா எல்லாருக்கும் சர்வர் பேர்தான் வரும். எந்த மேசைன்னு தெரிய 'கிளையன்ட்நேம்' கேக்கணும். எங்க ஸ்கிரிப்ட் அதைச் சரியாத்தான் கேட்டுச்சு.

அப்படியும் ஒரு நாள் மாட்டிக்கிட்டேன். மாடியிலேர்ந்து ஒரு பார்ட்டியோட சம்பளப் பட்டியலை பிரின்ட் கொடுத்தேன். வரல. மறுபடி கொடுத்தேன். வரல. ரெண்டும் கீழ ரிசப்ஷன் பிரின்டர்ல சமத்தா வந்து விழுந்திருக்கு. அங்க காத்துக்கிட்டிருந்தவர் அதே கம்பெனி சூப்பர்வைசர். தனக்குக் கீழ வேலை பாக்கறவருக்குத் தன்னைவிடச் சம்பளம் கூடன்னு அன்னிக்குத்தான் அவருக்குத் தெரிஞ்சுது.

"பேப்பரை எடுத்து வைக்கத் தெரியாதா?"ன்னு திட்டு விழுந்தது ரிசப்ஷன் அக்காவுக்கு. நான் வாயே திறக்கல.

மறுநாள் சிஸ்டம் பாக்கற அண்ணன் கேட்டார்: "மொதல்ல எங்க உக்காந்திருந்தே?"

"கீழ."

"லாகாஃப் பண்ணியா?"

"இல்லண்ணே, எக்ஸை அமுக்கிட்டு மேல வந்துட்டேன்."

அங்கதான் விஷயம். எக்ஸை அமுக்கினா செஷன் முடியாது, சர்வர்ல அப்படியே கிடக்கும். மாடியிலேர்ந்து நுழைஞ்சா அதே பழைய செஷன்லதான் போய்ச் சேருவோம். லாகான் ஸ்கிரிப்ட் புதுசா லாகான் ஆகறப்ப மட்டும்தான் ஓடும், திரும்பச் சேரறப்ப ஓடாது. அதனால எனக்குக் கீழ் பிரின்டரே நின்னுபோச்சு. நம்ம பாஷையில சொன்னா, பழைய கணக்கை முடிக்காம புதுக்கணக்கு போட முடியாது.

அண்ணன் ரெண்டு காரியம் செஞ்சார். துண்டிச்ச செஷன் 15 நிமிஷத்துல தானா முடியற மாதிரி குரூப் பாலிசியில வச்சார். இன்னும் குறைச்சா, நெட்வொர்க் கொஞ்ச நேரம் போனாலும் சேமிக்காத வேலை போயிடுமாம். ஆனா மாடிப்படி ஏற 15 நிமிஷம் ஆகாதே! அதனால டாஸ்க் ஷெட்யூலர்ல, செஷனோட திரும்பச் சேரும்போதும் ஓடற மாதிரி பிரின்டருக்குத் தனியா ஒரு ஸ்கிரிப்ட் போட்டார். விண்டோஸ் சர்வர் 2008 காலத்துலேர்ந்தே அந்த வசதி இருக்காம்.

மிச்சம் ஒரு கணக்கு என்னோடது. ஆடிட்டர் சார்கிட்ட போய் "தப்பு என்னோடது சார், அக்கா மேல இல்ல"ன்னு சொன்னேன். "ம்"னார். அக்காகிட்டயும் சொன்னேன். "இதை நேத்தே சொல்லியிருக்கலாமேடா தம்பி"ன்னாங்க. அந்த ஒரு நாள் தாமதத்துக்கு எந்த ஸ்கிரிப்ட்டும் இல்ல.

எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி லாகாஃப் பண்ணிடுங்க மக்களே.