முழுப் பேர் போட்ட போத்தல்

நான் நீட்டிய போத்தலை அவர் திறக்கவில்லை. முன்பக்கத்தைப் பார்க்கவும் இல்லை. திருப்பிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்க லேபிளின் பொடி எழுத்துகளைக் கட்டைவிரல் நகத்தால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு என் தோளைத் தட்டி, "நன்றி, எர்மானோ" என்றார். அவர்கள் மொழியில் அது கூடப் பிறந்தவனைக் கூப்பிடும் சொல். போத்தல் திறக்கப்படாமலே கட்டிலுக்கு அடியில் போனது.

அது ஒரு டிசம்பர். ஒன்ராறியோவின் தென்கோடியில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிற லெமிங்டனில், தக்காளி வளர்க்கும் கிறீன்ஹவுஸ் ஒன்றில் எனக்கு முதல் வேலை. கொடியை இறக்கிக் கட்டவும், பக்கக் கிளை கிள்ளவும், பழம் கன்றாமல் பறிக்கவும் பழக்கித் தந்தவர் அவர்தான். மெக்சிகோவில் ஹலிஸ்கோ மாநிலத்து அரந்தாஸ் ஊர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊருக்குப் போகிறாரே என்று, அவருடைய நாட்டுச் சரக்காகவே பார்த்து ஒரு டெக்கீலா வாங்கினேன். பொன்னிறமாக மின்னியது. அதுதான் உயர்ந்தது என்று நம்பி வாங்கினேன்.

கனடாவின் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டத்தில் மெக்சிகோ சேர்ந்தது 1974இல். வந்தால் கூடிப்போனால் எட்டு மாதம். டிசம்பர் 15க்குள் திரும்பிவிட வேண்டும். எந்த முதலாளியின் பேரில் வந்தாரோ அந்த முதலாளியிடமே வேலை; விட்டுவிட்டு இன்னொரு பண்ணைக்குச் சும்மா போய்விட முடியாது. இதை அவர் சொன்ன இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இலங்கையின் தேயிலை மலையில், எங்கள் பாட்டன் காலத்தில், கடனைத் தீர்த்துத் 'துண்டு' வாங்காமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டுமுறை 1921இல் ஒழிந்தது என்று படித்திருக்கிறேன். கடல் தாண்டி வந்து, வேறொரு மனிதர் வாயால் அதே கதையைக் கேட்பேன் என்று நினைத்திருக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் அவர் திரும்பி வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்த இங்கிலீசில், கைபேசியில் இருந்த படங்களைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அவருடைய அப்பா ஹிமடோர். அகாவே வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அங்கே அதுதான் பேர்.

அகாவேயை நாங்கள் ஆனைக்கற்றாழை என்போம். சோற்றுக் கற்றாழையோடு அதற்கு நெருங்கிய சொந்தம் கிடையாது. தடித்த மடலையும் முள்ளையும் பார்த்து நம்மவர்கள் ஒரே பேரில் அழைத்துவிட்டார்கள். டெக்கீலாவுக்கு ஆவது அந்த இனத்தில் நீல அகாவே ஒன்று மட்டும்தான். படத்தில் செம்மண் மேட்டில் கோடு பிடித்தாற்போல நீல வரிசைகள். தேயிலை மலையைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு, ஒரு கணம், நிறம் மட்டும் மாறிய எங்கள் ஊர் றொசல்லதான் அது. செடி முற்ற ஆறு, ஏழு வருடம் ஆகும். முற்றியதும் கோஆ என்கிற, நுனியில் வட்டத் தகடு வைத்த நீளக் கம்பால் மடல்களைச் சீவித் தள்ளினால், நடுவில் பெரிய அன்னாசிபோல ஒரு குருத்துக் கட்டை மிஞ்சும். முப்பது, நாற்பது கிலோ கனக்கும். இன்னும் பெரிதும் உண்டு. ஒரு லீட்டர் நல்ல டெக்கீலாவுக்கு ஏறக்குறைய ஏழு கிலோ கட்டை வேண்டும் என்றார். ஒரு கிலோ தேத்தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதித்த தழும்போடு என் அம்மா இருந்தார். அரந்தாஸ்காரரின் அப்பாவுக்கு, கோஆ தவறிக் காலில் விழுந்த தழும்பு.

இனி அவர் எனக்குச் சொல்லித் தந்த பாடம். முதலில் பார்க்க வேண்டியது '100% தெ அகாவே' என்ற வரி. அது இல்லாமல் வெறுமனே 'டெக்கீலா' என்று மட்டும் போட்டிருந்தால், உள்ளே இருக்கிற சர்க்கரையில் 51 சதவீதம் அகாவேயில் இருந்து வந்தால் போதும். மிச்சம் கரும்போ வேறு எதுவோ ஆகலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. நான் கொடுத்த பொன்னிறப் போத்தல் அந்த வகை.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் தோட்டத்துச் சொல் ஒன்று வாயில் வந்தது: அரைப்பேர். மலையில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்றுதான் சொல்வோம். செக்ரோலில் உன் பேர் விழுந்தால் அன்றைக்குச் சம்பளம். கொழுந்து மடுவத்தில் தராசு, கேட்ட கிலோவைக் காட்டாவிட்டால் அரைப்பேர். மழையில் நனைந்து காலை முதல் நின்றதெல்லாம் கணக்கில் வராது. வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் நடுவில் இருக்கிறது றொசல்ல. அந்தப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம். அட்டைக்கடியோடும் படங்குச் சேலையோடும் நின்று, இரண்டு கிலோ குறைந்ததற்காக அரைப்பேரோடு வந்த நாட்களில், அம்மா அடுப்படியில் யாரோடும் பேசமாட்டார். மனிதருக்குக் கூசாமல் அரைப்பேர் போட்ட உலகத்தில் வளர்ந்தவனுக்கு, ஒரு போத்தலில் அரைப்பேரும் முழுப்பேரும் பார்க்கச் சொல்லித்தர அரந்தாஸ்காரர் ஒருவர் வேண்டியிருந்தது.

இரண்டாவது, நோம் எண். நான்கு இலக்கம். எந்த வடிசாலையில் வடித்தது என்பதை அந்த எண் சொல்லும். ஹலிஸ்கோ முழுவதும், இன்னும் நான்கு மாநிலங்களின் சில பகுதிகளும்தான் டெக்கீலா என்ற பேருக்கு உரிய நிலம். அந்தப் பிறப்பிட உரிமையை மெக்சிகோ அறிவித்ததும் 1974இல்தான். 1994 முதல் டெக்கீலா ஒழுங்குமுறைச் சபை வடிசாலைகளைக் கண்காணிக்கிறது. கடையில் இருபது அழகான போத்தல்கள் இருக்கும். எண்ணைப் பார்த்தால் அவற்றில் நாலைந்து ஒரே வடிசாலையின் பிள்ளைகளாக இருக்கும். சினிமாக்காரர் பேரில் வரும் போத்தல்கள் பலவற்றுக்குச் சொந்த வடிசாலையே கிடையாது. யாரோ வடித்துக் கொடுக்கிறார்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, அது எந்த வடிசாலை, எப்படி வேக வைக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்கு என்றார். போத்தலின் உருவத்துக்குக் கொடுக்கும் காசு வீண் காசு.

வேக வைப்பதில்தான் ருசியில் பாதி இருக்கிறது. பழைய வழியில், செங்கல் அடுப்புக்குள் கட்டைகளை அடுக்கி இரண்டு மூன்று நாள் ஆவியில் வேகவிட்டு, ஆறவிட்டு, பிறகு பிழிவார்கள். சில இடங்களில் இன்றும் தஹோனா என்கிற எரிமலைக் கல் சக்கரம் சுற்றி நசுக்குகிறது. அந்தச் சக்கரத்தின் படத்தைக் காட்டியபோது, எங்கள் தேயிலை ஸ்டோரில் குடியிருக்கும் ரோதைமுனியைப் பற்றிச் சொன்னேன். இயந்திரம் யாரையும் காவு கேட்காமல் ஓட அந்தச் சாமிக்குப் பூசை வைப்போம். அவர் தலையாட்டிக் கேட்டார். புதிய வழியில், பச்சைக் கட்டையைச் சீவி, நீரைப் பீய்ச்சிச் சர்க்கரையைக் கழற்றி எடுத்து, அந்தச் சாற்றை மட்டும் காய்ச்சுகிறார்கள். மலிவு, வேகம். வெந்த அகாவேயின் வாசம் அதில் வராது. அவித்த வற்றாளங்கிழங்கின் மணத்தோடு கொஞ்சம் மிளகும் சேர்ந்தாற்போன்ற வாசம் அது.

நிறத்தை நம்பாதே என்பது அடுத்த பாடம். வடித்ததும் டெக்கீலா தண்ணீர் நிறம். அதைப் பிளாங்கோ என்பார்கள். மரப் பீப்பாயில் இரண்டு மாதமாவது இருந்தால் ரெப்போசாடோ, ஒரு வருடத்துக்கு அஞெஹோ, மூன்று வருடம் தாண்டினால் எக்ஸ்ட்ரா அஞெஹோ. ஆனால் கரமெல், ஓக் மரச் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை 1 சதவீதம் வரை சேர்க்கலாம். லேபிளில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் ஒரு வடிசாலையின் கையை அறிய வேண்டுமென்றால், முதலில் அதன் பிளாங்கோவை வாங்க வேண்டும். பீப்பாய்க்குப் பின்னால் ஒளிய அதற்கு இடமில்லை. உள்ளங்கையில் ஒரு துளி விட்டு, இரு கையையும் தேய்த்து முகர்ந்து காட்டினார். சாராயம் பறந்த பிறகும் வெந்த கிழங்கு வாசம் கையில் நிற்க வேண்டும். கை பிசுபிசுக்கக் கூடாது. கேக் கடை வாசம் அடித்தால் சந்தேகப்படு. உப்பும் எலுமிச்சையும் இல்லாமல், தேத்தண்ணி குடிப்பதுபோல மெல்ல உறிஞ்சு என்றார். நல்லதற்கு அவை தேவையில்லை என்பதை நானே நாக்கில் கண்டேன்.

குடியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறாயே என்று ஊரில் அக்கா கேட்பாள். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. சம்பள நாளில் தவறணைப் பக்கம் போன அப்பாவை, ரயில் பாதையோரம் இருட்டில் தேடிப் போனவள் அவள். லயத்தில் போத்தலைப் பற்றி இரண்டே கேள்விதான் இருந்தது: என்ன விலை, எவ்வளவு ஏறும். தென்னங்கள்ளில் வடித்து ஹல்மில்ல மரப் பீப்பாயில் பழுக்கவிட்ட அருமையான சாராயம் இலங்கையில் உண்டு; எங்கள் சம்பளம் எட்டியது மலிவுச் சரக்கையும், அதுவும் முடியாத நாளில் கசிப்பையும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கமே இல்லாமல் எங்கள் ஆண்களில் எத்தனை பேர் மாண்டார்கள்! வருடத்துக்கு இரண்டு போத்தல் வாங்குகிறேன். இரண்டையும் லேபிள் வாசித்து வாங்குகிறேன். அப்பாவுக்கு யாரும் அப்படி ஒரு போத்தலைத் திருப்பிக் காட்டவில்லை.

மூன்றாம் வருடம் அவர் திரும்பும்போது ஒரு பிளாங்கோவை எண் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். அந்த எண் எந்த ஊர் என்று மனப்பாடமாகச் சொன்னார். அன்று இரவே திறந்தோம். அவருக்குக் கொடுக்க இன்னொன்றும் வைத்திருந்தேன்: ஊரில் இருந்து வந்த ஒருவரின் கையில் அக்கா கொடுத்தனுப்பிய தேத்தூள், கடையில் வாங்கிய பக்கெட். அவர் வழக்கம்போல அதையும் திருப்பினார். சிங்கமுத்திரை இருந்தது, கொழும்பு முகவரி இருந்தது, நிறை இருந்தது. "இது எந்த மலை? எண் எங்கே?" என்று கேட்டார்.

1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்தில் தோட்டத்தின் பேர் சொல்லித்தான் விற்பார்கள். பிறகு பல தோட்டத்துத் தூளைக் கலந்து பக்கெட்டில் அடைக்கும்போது அந்தப் பேர் விழுந்துவிடும். இதையெல்லாம் என் இங்கிலீசில் விளக்கிப் பார்த்தேன். அவர் பக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

பக்கெட்டின் பின்பக்கம், வெறுமையாக இருந்த ஓரத்தில், றொசல்ல என்று எழுதினேன். அதற்குக் கீழே அம்மாவின் பேரையும் எழுதினேன். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக நகத்தால் தொட்டு, சொல்லச் சொல்லித் திரும்பச் சொன்னார். 'ற' மட்டும் அவர் வாயில் எங்கள் வாயைவிட அழுத்தமாக வந்தது.