பல்லும் பசையும்

பசை என்றால் நமக்குத் தெரிந்தது, கொலுவுக்குக் காகிதச் சங்கிலி ஒட்டுவதற்காகக் காய்ச்சும் மைதாப் பசைதான். ஈரம் உலர்ந்தால் அது பிடிக்கும். ஈரம் பட்டால் விட்டுவிடும். அப்படியிருக்க, இரவு பகலாய் எச்சில் ஊறும் வாய்க்குள், கொதிக்கும் காப்பியும் கடினமான முறுக்கும் மாறி மாறித் தாக்கும் இடத்தில், ஒன்றை ஒட்டினால் வருஷக்கணக்கில் நிற்கும் என்று சொன்னால் நம்புவதற்குச் சற்றுத் தைரியம் வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் பல் வைத்தியர்கள் பசையை நம்பவில்லை. சொத்தையைச் சுரண்டிய பிறகு, குழியின் வாய் குறுகியும் அடி அகன்றும் இருக்கும்படி நல்ல பல்லையும் சேர்த்துக் குடைவார்கள். வெள்ளியும் பாதரசமும் சேர்ந்த கலவையை அதில் அடைத்துவிட்டால் வெளியே வர வழியிராது. அடைப்பு நின்றது வாஸ்தவமே. ஆனால் அதற்குப் பலியானது ஆரோக்கியமான பல்லல்லவா? வெட்டிய எனாமல் மறுபடி முளைப்பதில்லை.

இதற்கு விமோசனம் பிறந்தது 1955-ஆம் வருஷத்தில். உலோகத்தில் வர்ணம் நன்றாய்ப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் திராவகத்தைப் பிரயோகிக்கிறார்கள் என்பதை, அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரிலிருந்த மைக்கேல் புவனகோர் என்ற பல் வைத்திய ஆராய்ச்சியாளர் அறிந்திருந்தார். பல்லுக்கும் அதைச் செய்தால் என்ன? 85 சதவிகிதத் திராவகத்தை 30 விநாடி எனாமலில் வைத்துக் கழுவிவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் பிசினை வைத்தார். முன்னைக் காட்டிலும் வெகு உறுதியாய் அது பிடித்துக்கொண்டது. இப்பொழுது சுமார் 37 சதவிகிதத் திராவகமே போதுமென்றாகிவிட்டது.

எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 சதவிகிதம், கால்ஸியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸி அபடைட் என்ற தாதுப்பொருள். நுண்ணிய ஸ்படிகங்களைக் கட்டுக் கட்டாய் அடுக்கி நிறுத்தியது போன்ற அமைப்பு. திராவகம் இதை ஒரே சீராய்க் கரைப்பதில்லை. ஓரிடத்தில் அதிகமாயும் ஓரிடத்தில் குறைவாயும் அரிக்கிறது. கண்ணுக்குச் சுண்ணாம்பு பூசினாற்போல் தோன்றும் அவ்விடம் எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் தேனடை போலிருக்கும். நீர்ப்பதமான பிசின் அத்துளைகளில் இறங்கி அங்கேயே இறுகிவிடுகிறது. ஒட்டுகிறது என்பதைவிட, சுவரில் ஆலஞ்செடி வேர் விடுவதுபோல் வேரோடுகிறது என்பதே பொருத்தம். சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ இழுப்பை அந்த வேர்கள் தாங்கும்.

பிசின் இறுகும் விதம் இன்னும் வேடிக்கை. கற்பூரத்திலிருந்து பெறும் காம்பர்குவினோன் என்ற மஞ்சள் வஸ்து அதில் சிறிதளவு கலந்திருக்கிறது. நீல ஒளி பட்டதும் அது விழித்துக்கொள்கிறது. பிசினின் ஒரு மூலக்கூறு தட்டி எழுப்பப்பட, அது அடுத்ததைப் பிடிக்க, அது மற்றொன்றைப் பிடிக்க, சில விநாடிகளில் எல்லாம் கோலாட்டப் பின்னல்போல் பின்னிக்கொள்கின்றன. கோயிலில் ஒளி கொடுக்கும் கற்பூரம், இங்கே ஒளி வாங்குகிறது! இறுகும்போது பிசின் சற்றுச் சுருங்கும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். ஆகையால் குழியைச் சிறு சிறு படலமாகவே நிரப்புகிறார்கள்.

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் லேசில் வசப்படுவதில்லை. அதில் தாதுப்பொருள் 70 சதவிகிதந்தான்; மீதி பெரும்பாலும் கொலாஜன் நாரும் ஜலமும். திராவகம் வைத்தபின் அதிகமாய் உலர்த்தினால் நார்கள் படிந்து வழியை அடைத்துவிடும். ஈரம் மிஞ்சினாலோ பிசினுக்கு இடமில்லை. பிசின் அந்நார்களுக்கிடையே ஊறி இரண்டும் கலந்த ஒரு படலமாவதை 1982-இல் ஜப்பானியரான நகபயாஷி எடுத்துக் காட்டினார். பின்னர் வந்த சில பிசின்கள் தாமே பல்லை அரித்து, கால்ஸியத்தோடு ரஸாயன பந்தமும் செய்துகொள்கின்றன.

இத்தனை ஏற்பாடுகளுக்கும் ஒரு சொட்டு எச்சிலே சத்துரு. அரித்த எனாமலில் அது பட்டால் துளைகள் மூடிக்கொள்ளும். மறுபடி திராவகம் வைக்கவேண்டும். சென்ற மாதம் நமது வாய் நிறையப் பஞ்சைத் திணித்துத் திராவகத்தையும் கழுவி முடித்த வைத்தியரம்மாள், "குழந்தைகள் என்ன படிக்கிறார்கள், ஸார்?" என்று அன்புடன் விசாரித்தார். மூத்தவள் படிப்பைச் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சு நழுவியது. அம்மாள் பெருமூச்சு விட்டுத் திராவகக் குழாயை மறுபடி கையிலெடுத்தார். இளையவனைப் பற்றி அவர் கேட்கவில்லை.