நள்ளிரவில் முடித்த நூல்

கடந்த தவக்காலத்தில் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து நாம் பங்கு இல்லத்துக்குத் திரும்புகையில், தாயார் ஒருவர் கையில் தடித்த ஆங்கில நூலொன்றுடன் வாசலில் காத்து நின்றார். “சாமி, நீங்களே பாருங்கள். நல்ல பெண்ணுக்குக் கொலை செய்ய வழி சொல்லிக் கொடுக்கிறார்களாம்! அரசுத் தேர்வை வைத்துக்கொண்டு என் மகள் இரவெல்லாம் இதைத்தான் படிக்கிறாள்” என்றார். அட்டையைப் பார்த்தோம். ‘எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்’ என்றிருந்தது. அந்தத் தாயாரின் மொழிபெயர்ப்பில் பெரும் பிழை ஒன்றுமில்லை. படித்துப் பார்த்துச் சொல்வதாக வாக்களித்து நூலை வாங்கிக்கொண்டோம்.

துப்பறியும் கதைகளில் நமக்கு என்றுமே நாட்டமிருந்ததில்லை. குருமட நாட்களில் அத்தகைய நூல்கள் தோழர்களிடையே மேசைக்கடியில் கை மாறியதுண்டு. நாம் அவற்றைத் தொட்டதில்லை, அதுபற்றிச் சிறிது பெருமையும் கொண்டிருந்தோம். நம் அலமாரியில் இருப்பவை தேம்பாவணியும், புனித அகுஸ்தினாரின் தன்வரலாறும், மறையுரைக்கு உதவும் நூல்களுமே. ஆகவே இருபது பக்கம் புரட்டி, கண்டிக்க வேண்டியதைக் குறித்துக்கொண்டு, நல்லுரையோடு திருப்பியனுப்புவது என்பதே நம் எண்ணம். இரவுச் செபத்தை முடித்துவிட்டு நூலைத் திறந்தோம். மூடியபோது கடிகாரம் இரண்டு மணியைத் தாண்டியிருந்தது.

இதை எழுதிய ஹாலி ஜாக்சன் 1992இல் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. 2019இல் வெளிவந்த இதுவே அவருடைய முதல் நாவல். 2024இல் பி.பி.சி. தொலைக்காட்சியிலும் தொடராக வந்தது. கதை லிட்டில் கில்டன் என்னும் கற்பனைச் சிற்றூரில் நிகழ்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் ஆண்டி பெல் என்ற பள்ளி மாணவி காணாமற்போகிறாள். சில நாட்களில் அவளுடைய காதலன் சால் சிங் காட்டில் இறந்து கிடக்கிறான். அதற்குச் சற்று முன் அவனுடைய கைப்பேசியிலிருந்து தந்தைக்குச் சென்ற செய்தியில் குற்ற ஒப்புதல் இருக்கிறது. காவல் துறையினர் கோப்பை மூடுகின்றனர். பெண்ணின் உடலோ கிடைக்கவில்லை, வழக்கும் நடக்கவில்லை, ஊர் தீர்ப்பளித்துவிடுகிறது. அன்றுமுதல் சிங் குடும்பத்தாரின் வீட்டைக் கடப்போர் பேய் வீட்டைக் கடப்பதுபோல் நடையை எட்டிப் போடுகின்றனர்.

பிப் என்னும் பதினேழு வயது மாணவி, பள்ளி இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு இதையே பொருளாக எடுத்துக்கொள்கிறாள். சிறுமியாயிருந்தபோது சால் தன்னிடம் அன்பாக நடந்துகொண்டதை அவள் மறக்கவில்லை. சாலின் தம்பி ரவியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அக்குடும்பத்தின் கதவை நல்லெண்ணத்தோடு தட்டுவோர் அருகிப்போயிருந்த காலம் அது. அவளுடைய குறிப்பேடுகளும், பேட்டிகளும், ஊர் வரைபடமுமாக நூல் விரிகிறது. குற்றவாளி யார் என்பதை நாம் சொல்லப்போவதில்லை. சொன்னால் நூலுக்குரிய அந்த மகள் நம்மை மன்னிக்கமாட்டாள்.

குறைகள் உண்டு. இளையோர் கேளிக்கைகளில் போதைப்பொருள் கைமாறும் காட்சிகள் வருகின்றன. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் இதனை நாம் கொடுக்கமாட்டோம். பிப் உண்மையைத் தேடுகையில் அனுமதியின்றி ஒரு வீட்டினுள் நுழைகிறாள். ஒருவனை மிரட்டிச் செய்தி பெறுகிறாள். நோக்கம் நல்லதாயின் வழி எதுவாயினுமாகட்டும் என்பது நம் அறநெறி அன்று. அவள் வளர்த்த நாய்க்கு நேர்வதைப் படித்தபோது, உண்மையைச் சொல்வதெனில், நூலைச் சற்று நேரம் மூடி வைத்தோம்.

ஆயினும் இத்தகைய நூல்களைக் குருக்கள் வெறுத்தொதுக்க வேண்டியதில்லை என்பதற்கு முன்னோர் சான்று இருக்கிறது. விவிலியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ரொனால்டு நாக்ஸ் அடிகளார் துப்பறியும் கதைகளும் எழுதியவர். அவ்வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகளையே 1929இல் வகுத்துக் கொடுத்தார். செஸ்டர்டன் படைத்த பிரவுன் அடிகளாரையும் வாசகர் சிலர் அறிந்திருப்பீர்கள். தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்துச் சூசன்னாவை நினைத்துப் பாருங்கள். பழி சுமத்தியவர்கள் முதியோர், நீதிபதிகள். ஆதலால் கூட்டம் முழுவதும் நம்பிவிட்டது. அவர்களைத் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்டவன் ஓர் இளைஞன். இருவரும் இரு வேறு மரங்களைச் சொன்னார்கள். சபையிலிருந்த பெரியோர் எவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

நூலைப் படிக்கையில் நாம் மும்முறை குற்றவாளியைக் ‘கண்டுபிடித்தோம்’. மும்முறையும் தவறு. ஒருவனை நாம் ஐயுற்றதற்குக் காரணம் அவனுடைய முரட்டுப் பேச்சு மட்டுமே. அயலாரின் சொல்லையும் செயலையும் இயன்றவரை நல்ல பொருளில் கொள்ள வேண்டுமென்பது புனித இஞ்ஞாசியாரின் போதனை. அதனை எத்தனையோ தியானங்களில் பிறர்க்கு எடுத்துரைத்த நாம், முந்நூறு பக்கங்களுக்குள் மூன்று மாசற்றவர்களைத் தண்டித்திருந்தோம். கதையில் வருவோர்க்கு அதனால் இழப்பொன்றுமில்லை என்று எண்ணி விளக்கை அணைத்தோம். உறக்கம் வரவில்லை.

நாம் குருவான புதிதில் பணியாற்றிய பங்கில், திருவிழா முடிந்த மறுநாள் அந்தோனியார் கெபியின் உண்டியல் உடைந்து கிடந்தது. அதிலிருந்தது பெருந்தொகையன்று. கோயிலைப் பெருக்கி, மணியடித்து வந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். கோயில் சாவி அவனிடம்தான் இருக்கும். அவன் புதுச் சட்டை போட்டிருந்தான் என்று யாரோ சொன்னார்கள். திருவிழாவுக்கு எந்தப் பிள்ளைதான் புதுச் சட்டை போடவில்லை? நாம் அவனைக் குற்றஞ்சாட்டவில்லை. பீடத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. “கொஞ்ச நாளைக்குச் சாவி என்னிடமே இருக்கட்டும், தம்பி” என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டோம். உபதேசியார் பக்கத்தில் நின்றார். மாலைக்குள் ஊர் முழுவதும் அறிந்துவிட்டது. அவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ஒரு மாதத்துக்குள் மற்றப் பிள்ளைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவனுடைய தந்தை கொத்தனார். சுண்ணாம்புக் கறை படிந்த கையோடு ஒரு மாலை வந்து திண்ணைக்குக் கீழேயே நின்றார். “சாமி, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் பையன் எடுத்தானா?” என்றார். “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்றோம். அது உண்மைதான். அவர் கேட்க வந்தது அதுவன்று என்பதும் அப்போதே நமக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, “இப்பிள்ளைமீது எனக்கு ஐயமில்லை” என்று கூறச் சில நொடிகளே ஆகியிருக்கும். ஒருவேளை அவனே எடுத்திருந்தால் நம் சொல் பொய்த்துப் போகுமே என்ற அச்சம் நாவைக் கட்டிவிட்டது. பள்ளியாண்டு முடிந்ததும் அக்குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று. உண்டியலை உடைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த ஞாயிறன்று நூலைத் திருப்பிக் கொடுத்தோம். “ஃபாதர், நீங்கள் யாரைச் சந்தேகப்பட்டீர்கள்?” என்று அந்த மகள் ஆவலுடன் கேட்டாள். மறைக்காமல் சொன்னோம். வாய்விட்டுச் சிரித்தாள். இன்னும் இரண்டு பாகங்கள் இருப்பதாகவும், தேர்வு முடிந்ததும் தருவதாகவும் கூறினாள். தேர்வு முடியும்வரை முதல் பாகத்தைத் தாயாரிடமே ஒப்படைத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டோம். தாயாரையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொன்னோம். அவர் நம்மை ஒருவாறு நோக்கினார்.

அதே வாரத்தில், பழைய பங்கின் இப்போதைய பங்குத் தந்தைக்கு எழுதி, அந்தக் கொத்தனார் குடும்பம் எங்கிருக்கிறது என்று விசாரித்தோம். தந்தையார் இறந்துவிட்டாராம். மகன் திருமணமாகி வேறு மாவட்டத்தில் இருக்கிறான், முகவரி வந்திருக்கிறது. கடிதத்தை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நான்கு தாள்களைக் கிழித்துவிட்டோம். ஐந்தாவது தாள் மேசைமேல் இருக்கிறது.