பித்தளைப் பாத்திரமும் ஈயம் பூசுகிறவரும்

செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. எவர்சில்வரைவிட ஏறத்தாழ 7 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அடியில் ஒரே இடத்தில் சூடு தேங்காமல் பக்கங்களுக்கும் பரவுவதால் பொங்கலும் பாயசமும் எளிதில் அடிபிடிப்பதில்லை. ஆனால் புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி எது பட்டாலும் செம்பு கரைந்து உணவில் இறங்கும். பாத்திரத்தில் களிம்பு ஏறும், குழம்பு கசக்கும், அளவு மிஞ்சினால் குமட்டலும் வாந்தியும் வரும். உட்புறத்தில் பூசிய மெல்லிய வெள்ளீயம்தான் இதைத் தடுத்துப் பித்தளையைச் சமையலுக்கு ஏற்றதாக்குகிறது. ஆகவே தவலையோ குண்டானோ வாங்க நினைப்பவர் விலையை விசாரிக்கும் முன், பக்கத்தில் ஈயம் பூசுகிறவர் இருக்கிறாரா என்று விசாரிப்பது நல்லது.

கும்பகோணம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். அங்கே பார்க்கக் கிடைத்த பூச்சுப் பட்டறையில் இருந்தவை தரையில் தோண்டிய கரிக்குழி, அதற்குக் காற்று ஊதக் கையால் சுற்றும் துருத்தி, ஒரு தண்ணீர்த் தொட்டி, இடுக்கிகள், அவ்வளவுதான். வேலையில் பெரும்பகுதி துலக்குவதற்கே போகிறது. மணலும் சாக்குத் துணியும் போட்டுப் பழைய கறை நீங்கும்வரை தேய்க்கிறார்கள். அண்டா என்றால் ஆளே உள்ளே இறங்கி நின்று, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிக் காலால் துலக்குகிறார். எண்ணெய்ப் பிசுக்கு துளி மிஞ்சினாலும் அந்த இடத்தில் ஈயம் ஒட்டாது.

துலக்கிய பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துக் கரிநெருப்பின்மேல் சுழற்றுகிறார்கள். சூட்டை அளக்கக் கருவி ஏதும் இல்லை. ஈயக் கட்டியால் உட்புறத்தைத் தொட்டதும் அது இளகிக் கோடாக இழுபட்டால் பதம் வந்துவிட்டது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகக்கூடியது. அடுத்து ஒரு சிட்டிகை நவச்சாரத் தூள் விழ, வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுகிறது. சூட்டில் நவச்சாரம் பிரிந்து உண்டாகும் அமிலம், உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை நீக்கிவிடும். அந்தக் கணத்திலேயே பஞ்சால் ஒரே வீச்சாகத் துடைத்து ஈயத்தைப் பரப்ப வேண்டும். மஞ்சளாக இருந்த உட்புறம் கண்ணெதிரே வெள்ளையாகிறது. சூடு குறைந்தால் ஈயம் திட்டுத் திட்டாக நிற்கும், மிஞ்சினால் பளபளப்பு போய்விடும். தொழிலாளியின் தேர்ச்சி முழுவதும் இந்தச் சில நொடிகளில் இருக்கிறது.

அந்தப் புகை தொண்டையை அறுக்கும். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் அதிலேயே உட்கார்ந்திருப்பவரிடம் கூலியைப் பேரம் பேசிக் குறைப்பது அநியாயம். அதன் கேடு வீட்டுக்கும் வந்து சேரும். வெள்ளீயம் விலை கூடிய உலோகம். கூலி கட்டுபடியாகாத இடத்தில் மலிவான காரீயம் கலக்க வழி பிறக்கிறது. காரீயமோ நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கக்கூடியது. தூய வெள்ளீயக் கம்பியைக் காதருகே வளைத்தால் நெறுநெறுவென்று சத்தம் கேட்கும். காரீயம் சத்தமின்றி வளையும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் கருங்கோடு விழும். சிறிதளவு கலப்படத்தை இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுக்காது என்பதால், வாங்கும் ஈயத்தை ஒளிக்காமல் காட்டுகிற, பழகிய கையிடம் கொடுப்பதே பாதுகாப்பு.

எதைச் சமைக்கலாம் என்பதையும் அந்த 232 டிகிரிதான் முடிவு செய்கிறது. நீர் கொதிக்கும்வரை பூச்சுக்கு ஆபத்தில்லை. வெறும் பாத்திரத்தை அடுப்பில் விட்டாலோ, அதில் வறுத்தாலோ ஈயம் உருகி வழியும். சாம்பார், பாயசம், பொங்கல் எல்லாம் ஈயம் பூசிய பித்தளையில் வைக்கலாம். தாளிப்பை மட்டும் தனியே இரும்புக் கரண்டியில் செய்து கொட்ட வேண்டும். முழுக்க வெள்ளீயத்தாலான ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்கள் முதலில் நீரை ஊற்றிவிட்டே அடுப்பில் ஏற்றுவதும் இதனால்தான். வறுவலுக்கும் தோசைக்கும் இரும்பு, புளிக்குழம்புக்குக் கல்சட்டி அல்லது மண்சட்டி பொருத்தம். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலப் பானைக்குப் பூச்சே தேவையில்லை, சோறு வடிக்க அதைப்போல் ஒன்றில்லை. ஆனால் கைதவறி விழுந்தால் விரிசல் விடும். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பித்தளையும் வெண்கலமும் உதவாது, அவை அதில் சூடேறுவதில்லை.

பூசி வந்த பாத்திரத்தில் முதலில் நீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டால் ஒட்டியிருக்கும் நவச்சார உப்பு போய்விடும். கிண்டுவதற்கு மரக்கரண்டி, துலக்குவதற்குத் தேங்காய் நார். கம்பி நார் ஈயத்தைச் சுரண்டிவிடும். உட்புறத்தில் ஆங்காங்கே மஞ்சள் தெரியத் தொடங்கியதும் புளி சேர்த்த சமையலை நிறுத்திவிட்டு, பாத்திரத்தை மறுபூச்சுக்குக் கொடுக்க வேண்டும்.