அஞ்சுக்கு அஞ்சு

போன வருசம் ஒரு தொண்டு நிறுவனம் தன் ஊழியர் பயிற்சிக்கான கையேடு ஒன்றைத் தமிழில் பெயர்த்துத் தரச் சொன்னது. வேலையில் ஊக்கம், மனநலம் பற்றிய ஆராய்ச்சிகளின் சுருக்கம் அது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இப்படித்தான் வேலை வரும். பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கே தாள்களைக் கொண்டுபோய், வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். தமிழ் புரிகிறதா என்று பார்க்க அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"எந்த வேலைக்குச் சொல்ல? அந்த வேலைக்கா, இந்த வேலைக்கா?" என்றார்.

இந்த வேலை, கொத்தனாருக்குக் கையாள். அந்த வேலை, ஊர் வேலை. சாவுச் சேதி கொண்டு போவது, கொட்டடிப்பது, குழி வெட்டுவது, செத்த மாட்டை இழுத்துப் போடுவது.

"அந்த வேலைக்கே சொல்லுங்கப்பா."

உங்கள் வேலையை மேலே உள்ளவர்கள் பாராட்டுகிறார்களா?

"பாராட்டாமயா? அவன மாதிரிக் குழி வெட்ட இந்த வட்டாரத்துலயே ஆளு இல்லன்னு ஊரே சொல்லும். அஞ்சு போடு."

உங்கள் திறமை முழுதும் இந்த வேலையில் பயன்படுகிறதா?

"தோல எம்புட்டு நேரம் தீயில காட்டணும், சரள மண்ணுல எந்தப் பக்கமாக் கடப்பாரையப் போடணும்னு எனக்குத்தான் தெரியும். அஞ்சு."

உங்கள் வேலை சமூகத்துக்குத் தேவையானதா?

அப்பா சிரித்துவிட்டார். "நா போகலன்னா பொணம் நாறும்லா?"

கூட்டிப் பார்த்தேன். அந்தக் கணக்குப்படி எங்கப்பா இந்தியாவிலேயே மகிழ்ச்சியான தொழிலாளி.

கையேட்டைத் தப்பு சொல்லவில்லை. உழைக்கிறவனை எந்திரமாகப் பார்க்காதே என்று சொல்ல வந்த ஆராய்ச்சிகள்தான் இவை. 1924 முதல் 1927 வரை சிகாகோ பக்கம் ஹாதார்ன் தொழிற்சாலையில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். வெளிச்சத்தைவிட, தங்களை ஒருவர் கவனிக்கிறார் என்பதே தொழிலாளியை வேலை செய்ய வைக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள் என்பது வேறு விசயம். 1959-இல் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் நகரத்தில் ஏறத்தாழ 200 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் பேசி, கூலி குறைந்தால் மனம் கசக்கும், ஆனால் ஊக்கம் தருவது பாராட்டும் பொறுப்பும் சாதனையும்தான் என்றார். வெட்டியானிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

கவனிப்பா? எங்களைப் போலக் கவனிக்கப்பட்டவர்கள் யார் இருக்கிறார்கள்? செருப்புப் போட்டிருக்கிறானா, துண்டு தோளில் கிடக்கா இடுப்பில் கிடக்கா என்று ஊரே கவனித்தது. பாராட்டா? பாராட்டியவன் வீட்டுப் பத்து வயசுப் பையன்தான் எங்கப்பாவை "எலே" என்று கூப்பிட்டான். அந்தப் பாராட்டு கயிறு. மாட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டே கட்டுகிற கயிறு.

இந்தியாவிலும் பரிசோதனை நடந்திருக்கிறது. 1953-இல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தறிக்கூடத்தில் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், தனித்தனி வேலையாகப் பிரிந்து கிடந்தவர்கள் குழுவாகச் சேர்ந்து தறிகளைக் கவனித்துக்கொள்ள வழி சொன்னார். தொழிலாளிகளே தங்களுக்குள் ஆள் சேர்த்துக் குழு அமைத்தார்கள். உற்பத்தி கூடியது, சேதாரம் குறைந்தது. உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் பேசப்பட்ட பரிசோதனை அது. ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் வேறொரு கேள்வியை எழுப்பியிருந்தார். கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதியில் தீண்டப்படாதவர்களை விடுவதில்லை. அறுந்த இழையை வாயில் வைத்து ஈரப்படுத்த வேண்டும், எங்கள் எச்சில் பட்டால் தீட்டு. வாசலிலேயே நிறுத்தப்பட்டவன் எந்தக் குழுவில் சேர்வான்?

1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் இன்னும் தெளிவாகச் சொன்னார். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது. மனசும் அறிவும் ஒட்டாத தொழிலில் பிறப்பின் பேரால் ஒருவனைக் கட்டிப்போட்டால் அங்கே திறமை எப்படி வளரும் என்று கேட்டார். ஹெர்ஸ்பெர்க்குக்கு 23 வருசம் முந்தி. டெசி, ரயன் என்ற இரண்டு பேர், மனிதனுக்குத் தன் விருப்பம், திறமை, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்று பின்னால் எழுதினார்கள். அப்பாவிடம் திறமை இருந்தது. மற்ற இரண்டையும் ஊர் வைத்துக்கொண்டது.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அப்பா "இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவுக்குக் கடையில் சாமான் இல்லை. பொம்பளைகளைக் களை வெட்டக் கூப்பிடவில்லை. வெள்ளாடுகள் வரப்புப் பக்கம் போனாலே அடி. "கொழுப்பெடுத்த சோம்பேறி" என்றார்கள். தொழிலாளி இயல்பிலேயே சோம்பேறி, விரட்டினால்தான் வேலை செய்வான் என்கிற எண்ணத்துக்கு மக்ரிகர் 1960-இல் 'எக்ஸ் கோட்பாடு' என்று பேர் வைத்தார். எங்கள் ஊரில் அதற்குப் பேர் வைக்கவே தேவைப்படவில்லை.

"இப்ப கையாள் வேலைக்கு மார்க் சொல்லுங்கப்பா."

பாராட்டு ஒன்று. திறமை ரெண்டு. "சாந்துச் சட்டி சொமக்க என்னலே தெறம?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "ஆனா உடம்பு சரியில்லன்னா நாளைக்கு வரலன்னு சொல்லலாம்லா? அதுக்கு மார்க் இல்லையா?"

இல்லை. கேள்வித்தாளில் அந்தக் கேள்வியே இல்லை.

மொழிபெயர்ப்பின் முதல் கேள்வியாக நானே அதைச் சேர்த்தேன். 'இந்த வேலை வேண்டாம் என்று அடி வாங்காமல் உங்களால் சொல்ல முடியுமா?' மூலத்தில் இல்லை என்று நிறுவனம் அடித்துவிட்டது. அடித்த தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

அந்த வருசம் ஐப்பசியில் ஆச்சி, அப்பாவைப் பெத்தவ, செத்துப்போனாள். தெருப் பையன்கள் கடப்பாரையும் மம்பட்டியும் எடுத்தார்கள். அப்பா வாங்கிக்கொண்டார். இருபது வருசத்துக்குப் பிறகு குழிக்குள் இறங்கினார். எங்கள் சுடுகாடு, எங்கள் ஆச்சி. பக்கச் சுவர் நூல் பிடித்த மாதிரி நின்றது. மேலே ஏறி வந்து, மண் கையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரும் கூப்பிடல. நானாத்தான் வந்தேன்" என்றார்.