யன்னற் பிணைச்சல்

ஒரு வீட்டின் உறுப்புகளுள் நாளாந்தம் அசைந்து உழைப்பவை மிகச் சிலவே. சுவர் நிற்கிறது, கூரை கிடக்கிறது, நிலம் மிதிபடுகிறது. கதவும் யன்னலுமே காலையும் மாலையும் திறந்தும் மூடியும் இயங்குபவை. அவ்வியக்கம் முழுவதையும் தாங்குவன இரண்டு மூன்று பிணைச்சல்களும், ஒரு கொண்டியும், ஒரு கைபிடியும், கைப்பிடியளவு திருகாணிகளுமாம். இலக்கிய ஏடொன்றில் பிணைச்சலுக்கு என்ன இடம் என்று வினவும் அன்பர்கள் இருக்கலாம். அவர்கள் சோளகம் வீசும் ஓர் இரவை மூடாத யன்னலொன்றின் பக்கத்திற் படுத்துக் கழித்துப் பார்க்கட்டும்.

நமது வீடு வலிகாமத்தில், கடலிலிருந்து இரண்டு மைலுக்குள் உள்ளது. உப்புக் காற்றுக்கு இரும்பின்மேல் இருக்கும் ஆசை அளவற்றது. துரு ஏறும்போது இரும்பு தேய்வது மட்டுமன்று, பருக்கவும் செய்கிறது. துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், பிணைச்சலின் ஊசி அதன் குழலுக்குள் இறுகிவிடுகிறது. இறுகிய பிணைச்சல் கதவைத் திரும்ப விடாது. திறப்பவரோ விடாது தள்ளுவார். அந்த வலிமை முழுவதும் திருகாணிகளிற் சென்று தாக்க, துளைகள் அகன்று, கதவு தொங்கி, அடிக்கட்டையில் உரசத் தொடங்குகிறது. உரசும் கதவை இழுத்து இழுத்துக் கைபிடியும் கழன்றுவிடும். கடைசியில் ஒரு கயிற்றுத் துண்டு வந்து சேரும். நமது பகுதியில் கயிற்றினாற் கட்டப்பட்ட யன்னல் இல்லாத தெரு ஒன்றையேனும் காண்பது அரிது.

சென்ற ஆண்டு, வாடை தொடங்குமுன்னர், நமது வீட்டு யன்னல்கள் பதினொன்றையும் திருத்துவித்தோம். வேலைக்கு வந்தவர் எழுபது வயதை அண்மித்த ஓர் ஓடாவி. வந்தவுடன் அவர் உளியை எடுக்கவில்லை. ஒவ்வொரு யன்னலாகத் திறந்து, மூடி, பாதியில் நிறுத்தி, அது எந்தப் பக்கம் தானாக நகர்கிறது என்று பார்த்தார். பிறகு சொன்னார்:

“பாருங்கோ மாஸ்ரர், மேல் பிணைச்சல்தான் இழுவைப்படுறது. கீழது முண்டு குடுக்கிறது. கீழதை மாத்திப்போட்டு மேலதை விட்டால் காசுதான் நட்டம்.”

இதனை நாம் வகுப்பறையிற் பல ஆண்டுகள் ‘திருப்புதிறன்’ என்ற தலைப்பின்கீழ்க் கற்பித்து வந்திருக்கிறோம். கதவின் எடை அதன் நடுவில் நின்று கீழே இழுக்கிறது. தாங்கும் பிணைச்சல்களோ ஓரத்தில் இருக்கின்றன. ஆகவே கதவு வெளிநோக்கிச் சரிய முயல்கிறது. பத்துக் கிலோ எடையும் 18 அங்குல அகலமும் உள்ள கதவொன்றில், பிணைச்சல்கள் 36 அங்குல இடைவெளியில் அமைந்திருந்தால், மேற்பிணைச்சலைப் பிடுங்கும் விசை இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமாகும். அதே எடையை 24 அங்குல அகலத்தில் விரித்து, இடைவெளியையும் 24 அங்குலமாகக் குறைத்துவிட்டால், விசை ஐந்து கிலோ எடையாகிவிடும். கணக்கு நமக்குத் தெரியும். ஆனால் எந்தத் திருகாணி முதலிற் கழலும் என்பதைக் கதவின் முகத்தைப் பார்த்தே சொல்லும் ஆற்றல் அவரிடமே இருந்தது. இந்த இரண்டு அறிவுகளுள் ஒன்றுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. மற்றொன்றுக்கு நாட்கூலி மாத்திரமே. அதுவும் மழை நாளில் இல்லை.

அகன்ற துளைக்குள் தீக்குச்சிகளைத் திணித்து அதே திருகாணியைத் திரும்ப முடுக்குவது பலரும் செய்யும் வேலை. அது ஒரு பருவத்துக்கு நிற்கும். ஓடாவியார் துளையைச் சற்றே பெரிதாகத் துளைத்து, வைரமரத்திற் சீவிய முளையைப் பசையில் தோய்த்து அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதன்மேற் புதிய துளை இட்டார். நமது யன்னல்கள் முதிரை மரத்தாலானவை. முதிரை கல்லைப் போன்றது. பித்தளைத் திருகாணியோ மெதுவானது. நேரே முடுக்கினால் தலை முறிந்து உடல் மரத்துக்குள் தங்கிவிடும். எனவே, முதலில் அதே அளவான உருக்குத் திருகாணியை முடுக்கிப் பாதை உண்டாக்கி, அதைக் கழற்றியபின், சவர்க்காரம் தடவிய பித்தளைத் திருகாணியை மெல்ல இறக்கினார். பித்தளைப் பிணைச்சலுக்கு இரும்புத் திருகாணி போடுவதை அவர் எவ்வளவு சொல்லியும் ஏற்கவில்லை. உப்பீரம் பட்ட இடத்தில் இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பே விரைந்து அரிக்கப்படும். அவர் அதற்குக் கூறிய காரணம் வேறு: “ரெண்டும் ஒத்துப்போகாது.”

கடையிற் பித்தளை என்று விற்கப்படுபவை யாவும் பித்தளை அல்ல. இரும்பின்மேல் மஞ்சள் முலாம் பூசியவையே பெரும்பாலானவை. நாம் பாடசாலை ஆய்வுகூடத்துக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம். பித்தளையைக் காந்தம் தொடாது. முலாம் பூசியதை இறுகப் பற்றிக்கொள்ளும். கடைக்காரருக்கு இப்பரிசோதனை பிடிக்கவில்லை. எனினும் நான்கு பெட்டிகளைத் திறந்தபின் மெய்யான பித்தளை கிடைத்தது. விலை, முலாம் பூசியதைப்போல் மூன்று மடங்கு. 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்து, டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற நாணயம் இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியபோது ஏறிய இரும்புக்கடை விலைகள் பழைய நிலைக்கு இறங்கவேயில்லை. ஒன்றைக் கவனித்தோம்: கடைக்காரர் சொல்லும் விலையை நம்மவர் பெருமூச்சுடன் செலுத்திவிடுகின்றனர், ஓடாவி சொல்லும் கூலியிலேதான் பேரம் பேசுகின்றனர். வயதில் மூத்த அத்தொழிலாளியை ‘நீ’ என விளிக்கும் வீடுகளும் நமது ஊரில் இன்னும் உள்ளன. நமது பிள்ளைகள் அவரை ‘ஐயா’ என்று அழைத்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்ததை இங்கே எழுதாமல் விடமுடியவில்லை.

பழைய பிணைச்சல்களைக் கழற்றியபோது, பின்பக்கத்து யன்னல் ஒன்றில் வேறொரு பொருள் அகப்பட்டது: நான்கு ஆணிகளால் அறையப்பட்ட சைக்கிள் ரயர்த் துண்டு. 1990இல் வடக்கின்மேற் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபின் சீமெந்தும் இரும்பும் இங்கு வருவது நின்றது. ஒரு பிணைச்சல் முறிந்தால் மற்றொன்று வாங்க வழியில்லை. ரயரை வெட்டிப் பிணைச்சலாக்கியது அக்காலத்துக் கண்டுபிடிப்பு; இரும்பைப்போலத் துருவேறாததும், சத்தமிடாததும் அதன் சிறப்புகள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாமும் யன்னல்களையெல்லாம் கவனமாகக் கொண்டியிட்டுவிட்டே புறப்பட்டோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ஐந்து யன்னல்களின் நிலைகள் வெறுமையாய் நின்றன. ரயர்ப் பிணைச்சல் போட்ட யன்னல் மட்டும் எவருக்கும் வேண்டாததாய் அங்கேயே இருந்தது. உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட வலிகாமம் வடக்கின் கிராமங்களில், கட்டங்கட்டமாகக் காணி விடுவிக்கப்பட்டபோது தம் வீடுகளைப் பார்க்கச் சென்றவர்கள் பலர், நிலைகளையுங் காணவில்லை. சுவரில் நாற்சதுரத் துவாரங்களே எஞ்சியிருந்தன.

போருக்குப் பின் எழுந்த வீடுகளின் கதை வேறு. இந்திய உதவியில் வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்ட 46,000 வீடுகளுக்கு, வீடொன்றுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. பயனாளிகளே நின்று கட்டுவித்தமையால் ஊர் மேசனுக்கும் ஓடாவிக்கும் வேலை கிடைத்தது. இது நல்ல ஏற்பாடே. ஆயினும் கதவும் யன்னலும் கட்டடத்தின் கடைசிப் படி. காசு தீர்வதும் அந்தப் படியிலேதான். வன்னியில் நாம் சென்று பார்த்த வீடுகள் பலவற்றில் முன்கதவுக்கு மட்டும் பலகை இருந்தது. யன்னல்களுக்குத் தகரமும் சாக்கும். பின்னர், 65,000 உருக்கு வீடுகளை வெளிநாட்டு நிறுவனமொன்று வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் இருபது இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டது. வெப்பத்தைக் குறித்தும், ஊர்த் தொழிலாளரின் வேலையைக் குறித்தும் எழுந்த எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. அவ்வீட்டின் பிணைச்சல் முறிந்தால் அதை எவர் திருத்துவார் என்ற கேள்வியும் அன்று கேட்கத்தக்கதே.

அலுமினிய யன்னலை நாம் வெறுக்கவில்லை. கறையான் அதை அரிக்காது. முதிரைக்காகக் காடும் அழியவேண்டியதில்லை. ஆனால் அதன் கைபிடி வார்ப்பு உலோகம், உடைந்தால் ஒட்டாது. நண்பர் ஒருவரின் வீட்டில் எட்டு ஆண்டுகளுக்குள் இரண்டு கைபிடிகள் முறிந்தன. கடையில் அந்த மாதிரி இப்போது வருவதில்லை என்றனர். துளைகளின் இடைவெளி புதிய கைபிடிக்குப் பொருந்தவில்லை. முழுக் கதவையும் மாற்றச் சொன்னார்கள். அறுபது வயதான நமது முதிரை யன்னலுக்கு 3 அங்குலப் பிணைச்சல் இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

மலையகத்திற் சில ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தபோது, லயத்து அறைகளுக்குள் சென்றிருக்கிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. யன்னலே இல்லாத அறைகளும் இருந்தன; இருந்தவற்றிலும் பல பலகை அறைந்து நிரந்தரமாய் மூடப்பட்டவை. அடுப்புப் புகையும் மலைக்குளிரும் உள்ளே ஒன்றாய் வாழ்ந்தன. பிணைச்சலை ஏன் மாற்றவில்லை என்று ஒரு மாணவனின் தந்தையைக் கேட்டோம். “வீடு நம்மளோடது இல்லீங்களே சார்” என்றார். ஆங்கிலேயக் கம்பெனிகளின் காலம் போய், 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. இத்தனை கைமாற்றங்களிலும் அந்த அறையின் உறுதி அதில் வாழ்ந்தவரின் கைக்கு வரவில்லை. தமதல்லாத சுவரில் தம் காசிற் பிணைச்சல் போடுவது எப்படி? போடும்படி துரையிடம் கேட்பது எத்தனை முறை?

நமது பாடசாலையின் நிலையும் அதிலிருந்து வெகு தூரமில்லை. கட்டடம் அரசினது, யன்னல் எவருடையதுமன்று. விண்ணப்பம் எழுதி, விலைமனு மூன்று பெற்று, வலயக் காரியாலயத்துக்கு அனுப்பி, இரண்டு தவணைகள் காத்திருந்தோம். மாரியில் யன்னல்களை மூட முடியாததால் கரையோர மேசைகள் நனைந்தன. மாணவர் நடுவில் நெருங்கி அமர்ந்தனர். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடத்தைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தது. ஊர்த் தொழிலைப் பிள்ளைகள் கற்பதாவது என்று படித்த பெற்றோர் பலர் எள்ளினர். 1977இல் ஆட்சி மாறியதும் அது அகற்றப்பட்டது. அப்பாடத்தின் குறைகள் பல. எனினும் உளி பிடிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை அதிலிருந்து வந்திருக்கலாம் என்று நாம் இன்னும் எண்ணுகிறோம்.

ஓடாவியாரை ஒரு சனிக்கிழமை பாடசாலைக்கு அழைத்தோம். கூலி ஆசிரியர்களிடம் திரட்டியது. பதினோராம் வகுப்பு மாணவர் பதினான்கு பேர் வந்தனர். அவர்களுள் ஆறுபேர் பெண்கள். முளை சீவுவதில் பெண்களின் கையே நிதானமாக இருந்தது என்று அவர் கூறினார். அன்று மாலைக்குள் ஒன்பது யன்னல்கள் மூடித் திறந்தன. பத்தாவதுக்குத் திருகாணி போதவில்லை.